லோன், பாதிப் பங்கு, ஒப்பந்தம்: பந்தாடும் பையன்களின் வீட்டார் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று நீரோடி வரை நீளும் கரையில், பையன்கள் நடக்கப் பழகியதுமே கால்பந்து ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களில் சிலருக்கு அகாடமிகளிலிருந்தும் கிளப்களிலிருந்தும் அழைப்பு வருகிறது. அழைப்போடு காகிதங்களும் வருகின்றன. அந்தக் காகிதத்தில் 'லோன்' என்ற சொல்லைப் பார்த்துக் கலங்கிப்போன தாய்மாரும், நள்ளிரவு தாண்டி ஐரோப்பியப் போட்டி பார்த்துவிட்டு மறுநாள் விவாதத்துக்கு வரும் இளைஞர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

பையனை லோனில் கொடுத்திருக்கிறோம் என்கிறார்கள். அப்படியென்றால் விற்றுவிட்டார்களா?

இல்லை. ஒரு கிளப்போடு ஒப்பந்தம் உள்ள ஆட்டக்காரன், அந்த ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேறொரு கிளப்புக்காக ஆடப் போவதுதான் லோன். காலம் முடிந்ததும் திரும்பி வருவான். அவனை அனுப்பும் கிளப்பைத் தாய் கிளப் என்றும், வாங்கி ஆடவைக்கும் கிளப்பை லோன் கிளப் என்றும் கீழே குறிப்பிடுகிறேன்.

லோன் காலத்தில் தாய் கிளப்போடு செய்த ஒப்பந்தம் ரத்தாவதில்லை, நிறுத்திவைக்கப்படுகிறது. மாறுவது பதிவு. கால்பந்துச் சங்கத்தின் பதிவேட்டில் அவன் பெயர் லோன் கிளப்பின் கீழ் போகும். கிளப்புகள் ஆட்டக்காரனை வாங்கின, விற்றன என்று நாம் பேசினாலும், உண்மையில் கைமாறுவது இந்தப் பதிவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எல்லாம் எளிதில் புரியும்.

எங்கள் ஊர்த் திருவிழா டோர்னமென்டுக்கு வெளியூர்ப் பையன்களைக் கெஸ்ட்டாகக் கொண்டுவந்து ஆடவைக்கிறோமே. அதுவும் லோன்தானே?

அது லோன் ஆகாது. அங்கே பதிவும் மாறவில்லை, ஒப்பந்தமும் இல்லை. ஒரு நாள் ஆட்டத்துக்குப் பேசிய தொகையும் பஸ் செலவும் சாப்பாடும் கொடுத்து முடித்துக்கொள்ளும் ஏற்பாடு. அணிக்கு ஏழு பேர் ஆடும் கேரளத்துச் செவன்ஸ் போட்டிகளிலும் இதுதான் வழக்கம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரு கிளப்போடு ஒப்பந்தம் போட்ட பையன், கிளப்பைக் கேட்காமல் இப்படி கெஸ்ட்டாக ஆடக் கூடாது. ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இதற்குத் தடை இருக்கும். தூத்தூர் மணலில் ஒரு மாலை ஆட்டத்தில் முழங்கால் திரும்பிவிட்டால், 'எங்கள் அனுமதியில்லாமல் ஆடி அடிபட்டான்' என்று கிளப் கைவிரிக்க வழி கிடைத்துவிடும். ஊர்க்காரர்கள் அன்பினால்தான் கூப்பிடுகிறார்கள். ஒப்பந்தம் போட்டுவிட்ட பையனைக் கட்டாயப்படுத்தாமல் இருப்பதும் அன்புதான்.

நல்ல ஆட்டக்காரன் என்றால் அவர்களே வைத்துக்கொள்ளலாமே? எதற்கு வெளியே அனுப்புகிறார்கள்?

பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒருவனுக்குத் தேவை போட்டி நிமிடங்கள். பெரிய கிளப்பில் அவனுடைய இடத்தில் ஏற்கெனவே தேறிய ஆட்டக்காரர்கள் மூன்று பேர் இருப்பார்கள். பயிற்சியில் எவ்வளவு ஓடினாலும், புள்ளிகளுக்காக ஆடும் போட்டியில் தவறு செய்து, அதற்கு வசவு வாங்கி, அடுத்த வாரம் அதைத் திருத்திக்கொள்ளும் பாடம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கிடைக்காது.

ஹாரி கேனைப் பாருங்கள். இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப் அவரை 2011 முதல் 2013 வரை லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு கிளப்களுக்கு லோனில் அனுப்பியது. நார்விச்சில் காலில் அடிபட்டது. லெஸ்டரில் பெரும்பாலும் பெஞ்ச்தான். அந்த நேரத்தில் அவரைப் பார்த்தவர்கள், இங்கிலாந்து அணிக்காக எல்லோரையும்விட அதிக கோல் அடிக்கப்போகிறவர் இவர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். மேசன் மவுன்ட்டை இங்கிலாந்தின் செல்சி கிளப் முதலில் நெதர்லாந்தின் விட்டெஸ்ஸுக்கும், அடுத்த சீசனில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய டெர்பிக்கும் அனுப்பியது. அதே சீசனில் ரீஸ் ஜேம்ஸ் விகனுக்குப் போனார். இருவரும் திரும்பி வந்து 2021இல் செல்சியோடு ஐரோப்பிய கிளப்களின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்றார்கள்.

எல்லா லோனும் இந்த நல்லெண்ணத்தில் நடப்பதில்லை. சம்பளச் சுமையைக் குறைக்க, விலையேறும் வரை காத்திருக்க, பயிற்சியாளருக்குப் பிடிக்காதவனைக் கண்ணில் படாமல் வைக்க என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால்தான் எந்த லோனைப் பற்றிக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, 'அங்கே போனால் ஆடுவானா?' என்பது.

லோன் கிளப்பை எப்படி எடைபோடுவது? பெரிய பெயராக இருந்தால் போதாதா?

போதாது. பையன் ஆடும் இடத்தில் அந்த கிளப்பில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். இடது விங்கில் ஏற்கெனவே ஒரு வெளிநாட்டுக்காரரும் ஓர் இந்திய அணி ஆட்டக்காரரும் இருந்தால், நம் பையன் போவது தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கத்தான். அடுத்து, அவனைக் கேட்டது யார் என்று விசாரியுங்கள். பயிற்சியாளரே கேட்டிருந்தால் நல்லது. நிர்வாகம் பேசி முடித்து, பயிற்சியாளருக்கு அவன் பெயரே தெரியாவிட்டால் யோசியுங்கள்.

கீழ்நிலை லீக்குக்கு இறங்கும் அபாயத்தில் இருக்கும் அணியையும் கவனியுங்கள். தோல்விக்கு மேல் தோல்வி வரும்போது பயிற்சியாளரை மாற்றுவார்கள். புதிதாக வருபவர் அனுபவசாலிகளைத்தான் இறக்குவார். நம் கடற்கரைப் பையன்கள் பலரும் மீன் குழம்பும் சோறும் இல்லாமல், தமிழோ மலையாளமோ பேச ஆளில்லாமல், முதல் இரண்டு மாதம் தவித்துப்போகிறார்கள். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் தூக்கமும் சாப்பாடும் சரியில்லாத பதினெட்டு வயதுப் பையன் மைதானத்தில் எப்படி ஓடுவான்? தங்குமிடம், சாப்பாடு, கூட இருக்கும் ஆட்டக்காரர்கள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

லோன் காலத்தில் சம்பளம் யார் தருவது?

இரண்டு கிளப்களும் பேசி முடிவு செய்வதுதான். லோன் கிளப் முழுவதையும் தரலாம், பாதி தரலாம், ஒன்றும் தராமலும் இருக்கலாம். தாய் கிளப்புக்கு லோன் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையும் கைமாறலாம். தனியாகப் பேசி எழுதி வாங்காவிட்டால், அந்தத் தொகையில் பையனுக்குப் பங்கு இல்லை.

ஆனால் எந்த மாதம் எந்த கிளப் எவ்வளவு தரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 'அவர்கள் போட்டுவிடுவார்கள்' என்று இரண்டு பக்கமும் சொல்லி, வங்கிக் கணக்கில் எதுவும் வராத நிலையை நம் மாவட்டத்துக் குடும்பங்களே பார்த்திருக்கின்றன.

போக மாட்டேன் என்று பையன் சொல்லலாமா?

சொல்லலாம். லோன் என்பது இரண்டு கிளப்களும் ஆட்டக்காரனும் சேர்ந்து செய்யும் எழுத்துப்பூர்வ ஏற்பாடு. அவன் சம்மதம் இல்லாமல் அது நடக்காது. போக மறுத்தால் தாய் கிளப் அவனைப் போட்டிகளில் இறக்காமல் வைக்கலாம், அது வேறு. ஆனால் மூட்டை கட்டி அனுப்ப முடியாது.

இந்த உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒரு தாய் என்னிடம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களிலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஜெர்சி பராமரிப்பு பற்றிய பத்திக்கும் விடுமுறை பற்றிய பத்திக்கும் நடுவில் ஒரே ஒரு வரி: கிளப் தேர்ந்தெடுக்கும் எந்த கிளப்புக்கும் எந்தக் காலத்துக்கும் லோனில் செல்ல ஆட்டக்காரர் இதன்மூலம் சம்மதிக்கிறார். அந்த வரியை அடித்துவிட்டு, 'ஒவ்வொரு லோனுக்கும் தனித்தனியாக ஆட்டக்காரரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும்' என்று எழுதித் திருப்பி அனுப்பச் சொன்னேன். அந்த கிளப் ஏற்றுக்கொண்டது. கேட்டால் கிடைக்கிறது, பலரும் கேட்பதில்லை. பெருக்கல் குறி எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடாமல், ஆங்கிலம் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தியாவில் லோன் நடக்கிறதா, இல்லை இதெல்லாம் ஐரோப்பா சங்கதியா?

நன்றாகவே நடக்கிறது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது அது ஆண்டின் சில மாதங்களில் மட்டும் நடந்தது. அன்று நாட்டின் முதல்நிலை லீக்காக இருந்த ஐ-லீக்கின் கிளப்கள் தங்கள் ஆட்டக்காரர்களை அந்த மாதங்களுக்கு லோனில் கொடுத்தன. அதற்கு முன்பே, 2013இல் சுனில் சேத்ரி போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து லோனில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸுக்கு வந்தார். அந்த சீசனில் சர்ச்சில் ஐ-லீக்கை வென்றது.

நம் பையன்களின் பயணமும் ஒரே கிளப்பில் முடிவதில்லை. இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் பெயர் வாங்கி, 2018இல் ஜாம்ஷெட்பூருக்கும் அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஏடிகேவுக்கும் போனார். அவை லோன் அல்ல, முழு மாற்றங்கள். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் பதிவு, ஒப்பந்தம், சம்மதம் என்ற அதே மூன்றும்தான் பேசப்படும்.

செல்சி போன்ற கிளப்கள் ஒரே நேரத்தில் முப்பது பேரை லோனில் அனுப்பியதாகப் படித்தேன். இது அநியாயம் இல்லையா?

அநியாயமாகத்தான் எனக்கும் படுகிறது. ஒரு கட்டத்தில் செல்சிக்கு முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியே இருந்தார்கள். பிரேசிலின் லூகாஸ் பியாசோன் ஒன்பது ஆண்டு செல்சி ஆட்டக்காரராக இருந்தார். ஸ்பெயின், நெதர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, இத்தாலி, போர்ச்சுகல் என்று ஏழு கிளப்களுக்கு லோனில் போனார். செல்சிக்காக இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் ஆடியது ஒரே ஒரு போட்டி. ஒருவனின் இளமை முழுவதும் அடுத்தவர் வீட்டு வாடகை அறையில் போய்விட்டது.

இதைக் கட்டுப்படுத்தத்தான் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2022 ஜூலை 1 முதல் விதிகளை இறுக்கியது. நாடு விட்டு நாடு போகும் லோன்களில் ஒரு கிளப் எட்டுப் பேரை அனுப்பலாம், எட்டுப் பேரை வாங்கலாம் என்று தொடங்கி, அடுத்த ஆண்டு ஏழு, 2024 ஜூலை முதல் ஆறு என்று குறைத்தது. ஒரே இரண்டு கிளப்களுக்கிடையில் மூன்று பேருக்கு மேல் கூடாது. ஒரு லோன் ஓராண்டைத் தாண்டக் கூடாது. லோனில் போனவனை அங்கிருந்து இன்னொரு கிளப்புக்கு லோனில் தள்ளக் கூடாது. உள்நாட்டு லோன்களுக்கும் இதேபோல் விதி வகுக்க நாட்டுச் சங்கங்களுக்கு மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது.

ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 21 வயது வரை உள்ளவர்களும் கிளப்பே வளர்த்த ஆட்டக்காரர்களும் இந்த எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். அதாவது, யாருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ அந்த வயதுக்காரர்களை இன்னும் எத்தனை பேரை வேண்டுமானாலும் அனுப்பலாம்.

லோனில் போனவன் தன் தாய் கிளப்புக்கு எதிராக ஆடலாமா?

எந்தப் போட்டி என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆடக் கூடாது. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடலாம். 2014 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அத்லெடிகோ மாட்ரிட்டும் செல்சியும் மோதின. அத்லெடிகோவின் கோல்கீப்பர் திபோ கோர்துவா செல்சியிலிருந்து லோனில் வந்தவர். அவர் ஆடினால் அத்லெடிகோ செல்சிக்குப் பணம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அது செல்லாது என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு அறிவித்தது. கோர்துவா ஆடினார், அத்லெடிகோ இறுதிக்குப் போனது. 2020இல் பார்சிலோனாவிலிருந்து லோனில் பயேர்ன் முனிச்சுக்குப் போயிருந்த குட்டின்ஹோ, 8-2 என்று முடிந்த ஆட்டத்தில் பார்சிலோனாவுக்கு எதிராகவே இரண்டு கோல் அடித்தார்.

'வாங்கும் உரிமையோடு லோன்', 'வாங்கும் கட்டாயத்தோடு லோன்' என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

இல்லை. உரிமை என்றால் லோன் முடிவில் லோன் கிளப் விரும்பினால் முன்பே பேசிய விலைக்கு வாங்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். கட்டாயம் என்றால் வாங்கியே ஆக வேண்டும். 2017இல் கிலியன் எம்பாப்பே மொனாக்கோவிலிருந்து பாரிஸ் கிளப்புக்கு லோனில் போனதாக அறிவித்தார்கள். உண்மையில் அது அடுத்த ஆண்டு பணம் கொடுக்கும் விற்பனை. அன்றைய செய்திகளின்படி தொகை சுமார் 18 கோடி யூரோ.

இதற்கு நேர்மாறானது திரும்ப வாங்கும் உரிமை. ரியல் மாட்ரிட் 2014இல் ஆல்வரோ மொராட்டாவை இத்தாலியின் யுவென்டஸுக்கு விற்றது, 2016இல் ஒப்பந்தத்தில் இருந்த உரிமையைப் பயன்படுத்தித் திரும்ப வாங்கியது. இப்படி ஒரு வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், பையன் நிலையாக ஓர் ஊரில் தங்கிவிட்டதாக நினைத்து வீடு பார்க்க வேண்டாம்.

இத்தாலியில் ஒரே ஆட்டக்காரனை இரண்டு கிளப் பாதிப் பாதியாக வைத்திருந்தார்களாமே? விசைப்படகில் இரண்டு பேர் பங்கு போடுவது போலவா?

கணக்கு அப்படித்தான். ஒரு கிளப் ஆட்டக்காரனின் பாதி உரிமையை இன்னொரு கிளப்புக்கு விற்கும். அவன் இரண்டில் ஒன்றுக்காக ஆடுவான். ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதம் கணக்குத் தீர்க்க வேண்டும். ஒருவர் மற்றவர் பங்கை வாங்கலாம், இன்னும் ஓராண்டு நீட்டிக்கலாம். பேசி முடியாவிட்டால் இருவரும் தொகையை எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள். எந்த உறையில் அதிகத் தொகையோ அந்த கிளப்புக்கு ஆட்டக்காரன் முழுவதும் சொந்தம். படகுப் பங்காளிகள் சண்டை போட்டால் படகுக்கு வருத்தமில்லை. இங்கே உறை பிரிக்கும் நாளில் தான் எந்த ஊரில் வாழப்போகிறோம் என்று தெரியாமல் ஓர் இளைஞன் காத்திருப்பான்.

பாவ்லோ ரோஸ்ஸியின் கதையைச் சொல்லாமல் இதை விட முடியாது. அவர் யுவென்டசுக்கும் விசென்சா என்ற சிறிய கிளப்புக்கும் பொதுவாக இருந்தார். 1977-78 சீசனில் 24 கோல் அடித்து, விசென்சாவை லீக்கில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். 1978 கோடையில் பேச்சுவார்த்தை முறிந்து உறைகள் பிரிக்கப்பட்டன. யுவென்டஸ் எழுதியது 87.5 கோடி லிரா. விசென்சாவின் தலைவர் எழுதியிருந்தது சுமார் 260 கோடி லிரா. இத்தாலியே திகைத்தது. ஆட்டக்காரனை விடக் கூடாது என்ற பதற்றத்தில், எதிராளி எழுதியதைப் போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கிய கிளப், அடுத்த சீசனிலேயே இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது. ரோஸ்ஸி லோனில் பெருஜியாவுக்குப் போனார், பிறகு யுவென்டசுக்கே திரும்பினார். 1982 உலகக் கோப்பையில் ஆறு கோல் அடித்து இத்தாலிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

இத்தாலியக் கால்பந்துச் சம்மேளனம் 2014 மே மாதம் இந்த முறையை நிறுத்தியது. இருந்த பங்குகளைத் தீர்க்க 2015 ஜூன் வரை அவகாசம் கொடுத்தது. ஆனால் அதன் வேலையை இன்று மேலே சொன்ன திரும்ப வாங்கும் உரிமையும், அடுத்த விற்பனையில் இத்தனை சதவீதம் என்ற நிபந்தனையும் செய்துகொண்டிருக்கின்றன. அவை அனுமதிக்கப்பட்டவை.

மஸ்கட்டில் இருக்கும் என் மைத்துனர் பையனின் பூட்ஸ், பயிற்சி, பயணச் செலவு எல்லாம் தருகிறேன் என்கிறார். பின்னால் டிரான்ஸ்பர் தொகையில் 20 சதவீதம் எழுதித் தரச் சொல்கிறார். தரலாமா?

தரக் கூடாது. கிளப் அல்லாத ஒருவர் ஆட்டக்காரனின் எதிர்கால மாற்றுத் தொகையில், அதாவது டிரான்ஸ்பர் தொகையில், பங்கு வைத்திருப்பதை ஃபிஃபா 2015 மே 1 முதல் உலகம் முழுவதும் தடை செய்துவிட்டது. மைத்துனர் நல்ல மனதோடு கேட்டாலும், நாளை அந்தக் காகிதம் வெளியே வந்தால் சிக்கல் கிளப்புக்கும் பையனுக்கும்தான்.

தடைக்குக் காரணம் உண்டு. தென் அமெரிக்காவில் முதலீட்டாளர்கள் சிறுவர்களின் 'பங்கு'களை வாங்கிக் குவித்தார்கள். நெய்மார் பிரேசிலின் சான்டோஸ் கிளப்பில் ஆடியபோது அவருடைய மாற்றுத் தொகை உரிமையில் 40 சதவீதம் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் இருந்தது. பார்சிலோனாவுக்கு அவர் போனபின் ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்த நிறுவனம் வழக்குப் போட்டது. 2022 டிசம்பரில்தான் எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். இங்கிலாந்தில் வெஸ்ட் ஹாம் 2006இல் டெவஸ், மஸ்கெரானோ இருவரையும் சேர்த்தபோது அவர்கள் உரிமை வெளி நிறுவனங்களிடம் இருந்ததை மறைத்தது. அபராதம் 55 லட்சம் பவுண்டு. பங்கு வைத்திருப்பவருக்கு லாபம் கிடைப்பது பையன் இடம் மாறினால் மட்டுமே. எனவே அவன் நன்றாக ஆடி ஓரிடத்தில் வேரூன்றுவது அவருக்கு நஷ்டம். குடும்பத்துக்குள் அந்த விரோதம் நுழைய வேண்டாம்.

மைத்துனர் உதவட்டும். அன்பளிப்பாகத் தரட்டும். முடியாவிட்டால் தொகையும் தவணையும் எழுதிய சாதாரணக் கைமாற்றாக இருக்கட்டும். டிரான்ஸ்பர் என்ற சொல்லே அந்தக் காகிதத்தில் வரக் கூடாது.

பல கிளப்களை ஒரே முதலாளி வைத்திருக்கிறாரே. அப்போது லோன் என்பதற்கு அர்த்தம் உண்டா?

நியாயமான சந்தேகம். மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர் குழுமம் 2019இல் மும்பை சிட்டியிலும் 65 சதவீதப் பங்கு வாங்கியது. அதே குழுமத்தின் பிரான்ஸ் கிளப் த்ருவா 2022இல் பிரேசில் இளைஞர் சாவியோவை வாங்கியது. த்ருவாவுக்காக அவர் ஓர் அதிகாரப்பூர்வ ஆட்டமும் ஆடவில்லை. லோனில் நெதர்லாந்து போனார், பிறகு குழுமத்துக்குத் தொடர்புள்ள ஸ்பெயின் கிளப் ஜிரோனாவில் மின்னினார், 2024இல் மான்செஸ்டர் சிட்டி வாங்கியது. பாதிப் பங்கு முறை தடையானபின், முழுப் பங்கையும் ஒருவரே வைத்துக்கொண்டு கிளப்களுக்கிடையே நகர்த்தும் வழி இது. சாவியோவுக்கு நல்லபடி முடிந்தது. இப்படிப்பட்ட அழைப்பு வந்தால், பதிவு எந்த கிளப்பின் பெயரில், ஆட்டம் எந்த கிளப்பில் என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பையனுக்கு 16 வயது. ஐரோப்பிய கிளப் லோனில் எடுக்கிறது, மூன்று லட்சம் கட்டுங்கள் என்று ஓர் ஏஜென்ட் சொல்கிறார்.

கட்டாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள ஆட்டக்காரனின் பன்னாட்டு மாற்றத்தை ஃபிஃபா தடை செய்கிறது. லோனும் மாற்றம்தான். பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறியிருந்தால், எல்லையோரத்தில் வசித்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே இடம் மாறினால் என்று சில விலக்குகள்தான் உண்டு. குமரிக் கரையில் இருக்கும் பையனுக்கு அவை பொருந்தாது. இந்த விதியை மீறியதற்காக பார்சிலோனா, ரியல் மாட்ரிட், அத்லெடிகோ, செல்சி போன்ற கிளப்களே புதிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தடை வாங்கியிருக்கின்றன. எந்த கிளப்பும் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டக்காரனை எடுப்பதில்லை. ஏஜென்ட்டிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பாறசாலை தாண்டிக் கேரளத்து கிளப்பில் சேர்வது இதில் வராது. அது நாட்டுக்குள் நடக்கும் பதிவு மாற்றம். ஆனால் அங்கேயும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவன் போடும் கையெழுத்து மட்டும் போதாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். பாதுகாவலராகக் கையெழுத்திடுவது நீங்கள். ஆகவே படிக்க வேண்டியதும் நீங்கள்தான். ஃபிஃபா விதிப்படி மைனரின் தொழில்முறை ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. ஐந்தாண்டு என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

லோன் கிளப் சம்பளம் தரவில்லை, அல்லது அங்கே அடிபட்டுவிட்டது. யாரிடம் போவது?

இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள்ளும் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதி அனுமதிக்கிறது. லோன் இடையில் முறிந்தால் ஆட்டக்காரன் தாய் கிளப்புக்குத் திரும்பலாம், அவர்கள் அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். போனில் கேட்டது நோட்டீஸ் ஆகாது. மின்னஞ்சல் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டால் செலவு யாருடையது என்பதை லோன் ஒப்பந்தம் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை, அதற்குப் பிந்தைய பல மாத பிசியோதெரபி, அந்த மாதங்களின் சம்பளம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மேலே சொன்ன சூசைராஜ் 2020 நவம்பரில் சீசனின் முதல் போட்டியிலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறினார். தேறிய ஆட்டக்காரருக்கே முதல் நாளில் இது நடக்கும் என்றால், 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவைக்கும் விஷயம் அல்ல இது.

சின்ன வயதிலிருந்து வளர்த்த எங்கள் ஊர் கிளப்புக்கு எதுவும் கிடைக்காதா?

கிடைக்கும், பதிவு இருந்தால். ஒப்பந்தக் காலத்துக்குள் ஓர் ஆட்டக்காரன் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது, தொகையில் 5 சதவீதத்தை 12 முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். லோன் கட்டணத்துக்கும் இது பொருந்தும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.25 சதவீதம், 16 முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.5 சதவீதம். ஒருவன் ஒரு கோடி ரூபாய்க்குப் போகிறான் என்றால், 12 முதல் 17 வயது வரை வளர்த்த ஊர் கிளப்புக்கு இரண்டு லட்சம் ரூபாய். வலை, பந்து, பையன்களின் பயணம் என்று பல ஆண்டுக்கு வரும் பணம். இதுதவிர முதல் தொழில்முறை ஒப்பந்தத்தின்போது பயிற்சி இழப்பீடு என்று ஒன்று தனியாக உண்டு. இந்தியாவுக்குள் நடக்கும் மாற்றங்களுக்கு அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் விதிகள் பொருந்தும்.

நம் கரையில் எத்தனையோ கிளப்கள் கோப்பைகளை அடுக்கிவைத்திருக்கின்றன, பதிவேடு மட்டும் இல்லை. பையன் அங்கேதான் வளர்ந்தான் என்று ஊரே சாட்சி சொன்னாலும் செல்லாது. கிளப் மாவட்டக் கால்பந்துக் கழகம் வழியாகச் சங்கத்தில் இணைந்திருக்க வேண்டும், பையன் பெயர் அந்த கிளப்பின் கீழ் ஆண்டுதோறும் பதிவாகியிருக்க வேண்டும்.

அப்படியானால் ஊர் கிளப்பே 'அடுத்த விற்பனையில் 10 சதவீதம்' என்று எழுதி வாங்கலாமா? மைத்துனருக்குக் கூடாது என்றீர்களே?

வாங்கலாம். மைத்துனர் விஷயத்தில் சொன்ன தடை வெளியாளுக்குத்தான். ஆட்டக்காரன் முன்பு பதிவாகியிருந்த கிளப்பை ஃபிஃபா வெளியாளாகக் கணக்கிடுவதில்லை. 2019 முதல் ஆட்டக்காரனையும் அப்படிக் கணக்கிடுவதில்லை, ஆகவே தன் மாற்றுத் தொகையில் தனக்கே ஒரு பங்கு வேண்டும் என்று பையனும் பேரம் பேசலாம்.

ஆனால் அந்தப் பத்து சதவீதம் கிளப்பின் பெயரில், கிளப்பின் வங்கிக் கணக்குக்கு வரும்படி இருக்க வேண்டும். கமிட்டித் தலைவரோ பயிற்சியாளரோ தன் பெயரில் எழுதி வாங்கினால் அவர் வெளியாள்தான், அந்தக் காகிதம் மைத்துனரின் காகிதம் போலவே செல்லாது. கிளப் பதிவு பெறாததாக இருந்தாலும் அதே கதி. இந்த ஆண்டு 12 வயதாகும் பையன்களின் பிறப்புச் சான்றிதழ்களை வாங்கி, அவர்களிலிருந்து பதிவைத் தொடங்குங்கள்.